குறை சொல்ல ஆள் தேவை

அரண்மனையின் பெரிய கதவு திறந்தபோது எக்ஸ்பிரஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெயரே ஓட்டத்தால் வந்ததுதான். கட்டடத்தைப் பழுதுபார்த்த காலத்தில் கீழே கூட்டிக்கொண்டிருப்பாள்; கொத்தனார் கூப்பிட்டுவிட்டு நிமிர்வதற்குள் மாடியில் அவர் பக்கத்தில் நின்று, "என்னண்ணே?" என்பாள். கொத்தனார்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அரண்மனையின் சொந்தக்காரியான சின்னராணிகூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சின்னராணி என்றதும் கிரீடத்தைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ராஜாக்கள் காலம் போய், ராஜா வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து, கடைசியில் இந்தக் கட்டடத்தோடு மாட்டிக்கொண்ட மருமகள் அவர். பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவார். கூரை இடிந்து தலையில் விழும்வரை காத்திருப்பதைவிட அரண்மனையை ஹோட்டலாக்கிவிடலாம் என்று துணிந்து இறங்கிவிட்டார். புறாக்கள் பிள்ளை குட்டிகளோடு குடியிருந்த தர்பார் மண்டபத்தின் தரையில் இன்று முகம் பார்க்கலாம். நிஜமான விருந்தாளிகள் அடுத்த வாரம் வருகிறார்கள்.

இன்றைக்கு ஒத்திகை. வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள்தான் இன்று விருந்தாளிகள். தோட்டக்காரர் வீட்டாருக்குக் கண்ணாடி அறை, சமையல்காரர் வீட்டாருக்கு வேட்டை அறை, காவலாளி வீட்டாருக்கு இசை அறை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. காலையில் வந்து, சாப்பிட்டு, தூங்கி, குளித்து, சாயங்காலம் டீ குடித்துவிட்டுப் போக வேண்டும். எது வேண்டுமானாலும் கட்டில் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தால் கீழே வேலைக்காரர் நடையில், அந்த அறையின் பெயர் எழுதிய பலகைக்கு மேல் ஒரு வெண்கல மணி ஆடும். ராஜா காலத்து ஏற்பாடு. போனே போதும் என்று பொறியாளர் சொன்னபோது சின்னராணி கேட்கவில்லை.

எக்ஸ்பிரஸுக்கு இது விளையாட்டு இல்லை. அறைகளை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்று சாயங்காலம் முடிவாகிறது. சுவரெல்லாம் சுரண்டி, புறா எச்சம் அள்ளி, இந்தக் கட்டடத்துக்கு முகம் கொடுத்த பெண்கள் அவளோடு இருக்கிறார்கள். எல்லாரும் அவளை நம்பி, வேறு வேலை தேடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், வெளியூர்க் கம்பெனி ஒன்று. அதன் ஆள் நேற்றே வந்துவிட்டார். டை கட்டி, நடந்தால் கீச் கீச்சென்று கத்தும் ஷூ போட்டிருந்தார்.

"எக்ஸ்பிரஸ், உங்க மேல எனக்குப் பாசம் இருக்கு," என்று சின்னராணி ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "ஆனா பாசத்தை வச்சு ஹோட்டல் நடத்த முடியாது. அவங்க எத்தனையோ ஹோட்டல் பாத்தவங்க. நீங்க இதுவரைக்கும் ஒரு விருந்தாளியைக்கூடப் பாத்ததில்ல. இன்னைக்கு எல்லாரும் படுத்தற பாட்டைச் சமாளிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் வேற யாரையும் பாக்க மாட்டேன்."

"படுத்தட்டும்மா! நல்லாப் படுத்தட்டும்!" என்றாள் எக்ஸ்பிரஸ். அவளுக்கு உடம்பெல்லாம் துறுதுறுவென்று இருந்தது.

குடும்பங்கள் வந்து இறங்கின. கல்யாண வீட்டுக்குப் போகிற உடுப்பு, படிய வாரிய தலை, பவுடர் வாசம். தோட்டக்காரரின் மனைவி வாசற்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சமையல்காரரின் மாமனார் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்பிரஸின் பெண்கள் புதுச் சீருடையில் வரிசையாக நின்று, சொல்லிக்கொடுத்தபடி, "வாங்க, வணக்கம்," என்றார்கள். தன் சொந்த மாமியாரைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கடைசியாக எக்ஸ்பிரஸின் கணவன் வந்தான். பஸ் டிரைவர். அவனுக்கு முன்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவனுடைய அக்கா.

இந்த நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தையல் கடை வைத்திருக்கிறார். தையல் ஒரு நூல் கோணினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தொழிலில் அது நல்லதுதான், குடும்பத்தில் அது பெரும் பாடு. எக்ஸ்பிரஸ் புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில், நாத்தனார் கதவு நிலையின் மேல் பக்கம் விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து, "மேல்னு ஒரு பக்கம் இருக்கறதே உங்க வீட்டுல சொல்லித் தரலையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து குழம்பு, கோலம், பாத்திரம், பிள்ளையின் சடை, எதுவும் அவர் வாயிலிருந்து தப்பியதில்லை. எக்ஸ்பிரஸ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுப்படியில் போய்ப் பாத்திரங்களிடம் பேசிக்கொள்வாள்.

அதனால்தான் ராணி அறையை நாத்தனாருக்கு ஒதுக்கும்படி அவளே கேட்டு வாங்கினாள். "இவங்களைச் சமாளிச்சுட்டா, உலகத்துல எந்த விருந்தாளியையும் சமாளிச்சுடலாம்டி," என்று தன் பெண்களிடம் சொல்லி வைத்தாள்.

எல்லாரும் அறைகளுக்குப் போனார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. எக்ஸ்பிரஸும் பெண்களும் கீழே நடையில், மணிகளுக்கு அடியில், துண்டும் சோப்பும் தண்ணீர்க் குடுவையுமாகத் தயாராக நின்றார்கள். ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவர்கள்போல் ஒரு கால் முன்னால் இருந்தது.

மணி அடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. மணி அடிக்கவில்லை. ஒருத்தி நாற்காலியில் ஏறிக் கயிறு அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. டைக்காரர் கீச் கீச்சென்று வந்து, அவர்களைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கீச் கீச்சென்று போனார்.

எக்ஸ்பிரஸுக்குப் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். வேட்டை அறையில் சமையல்காரர் குடும்பம் கட்டிலைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையைத் தரையில் விரித்துப் படுத்திருந்தது. "விரிப்பு கசங்கிடும்ல? பாவம், நீங்கதானே மறுபடி மடிக்கணும்," என்றார் மாமனார். கண்ணாடி அறையில் தோட்டக்காரரின் மனைவி குளியலறையைத் தேய்த்துக் கழுவி, தன் முந்தானையால் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இசை அறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மாடி நடையில் பார்த்தால், அவள் கணவனே ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தான்.

"அட, என்ன பண்றீங்க?" என்று அலறினாள்.

"லூசா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்," என்றான் அவன் பெருமையாக.

"லூசா இருந்தா மணி அடிச்சு எங்களைக் கூப்பிடணும்! நீங்க விருந்தாளி!"

"உன்னைக் கூப்பிட்டு வேலை வாங்கவா? நல்லா இருக்கே," என்றான் கணவன். வீட்டில் தண்ணீர் டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவன், இன்றைக்குப் பார்த்துத் திருந்தியிருந்தான்.

கீழே டைக்காரர் சின்னராணியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கெட்ட மனிதர் இல்லை, வருத்தமாகத்தான் பேசினார். "மேடம், இவங்க நல்லவங்க. நான் ஒத்துக்கறேன். ஆனா இதுல நான் எதைப் பாக்கறது? வேலையே வரலையே. வேலை வந்தா என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"டீ நேரம் வரைக்கும் பாக்கலாம்," என்றார் சின்னராணி. குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்பிரஸ் ஒரே ஓட்டமாக ராணி அறைக்கு ஓடினாள். நாத்தனார் ஜன்னல் ஓரத்து நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். அறையில் எதுவும் கலையவில்லை.

"அண்ணி, ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா."

"அறை எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கண் மட்டும் ஜன்னல் திரையின் அடி விளிம்புக்குப் போய், சட்டென்று திரும்பி வந்தது.

எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்துவிட்டாள். "திரையில என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணி, உங்களை எனக்குத் தெரியாதா? என்ன குறைன்னு சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன்." நாத்தனாரின் முகம் சிவந்தது. "இன்னைக்கு உன் வேலை நிலைக்குமா நிலைக்காதான்னு தம்பி சொன்னான். என் வாயால உன் பொழப்புல மண்ணு விழணுமா? வீட்டுல நான் ஆயிரம் சொல்லுவேன், அது வேற. ஊரான் முன்னாடி என் தம்பி பொண்டாட்டியை மாட்டிவிட நான் என்ன அவ்வளவு கெட்டவளா? மத்த வீட்டுக்காரங்ககிட்டயும் கீழயே சொல்லிட்டேன். யாரும் மணிப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீங்க, பிள்ளைங்க வேலை போயிடும்னு."

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்த வாய் ஒரு நாளாவது மூடாதா என்று ஏங்கியிருக்கிறாள். மூடிய நாளைப் பாருங்கள்! அவள் நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எல்லாம் தலைகீழா ஆயிடுச்சு. நீங்க குறை சொன்னாத்தான் எங்களுக்கு வேலை. வேலை வந்தாத்தான் நாங்க செஞ்சு காட்ட முடியும். நல்லவங்களா இருந்து எங்களைக் கெடுத்துடாதீங்க அண்ணி. கெட்டவங்களா இருங்க. உங்க கால்ல வேணா விழறேன்!"

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா சொல்ற?"

"சத்தியமா."

"அப்புறம் மூக்கைச் சிந்தக்கூடாது."

"மாட்டேன்."

நாத்தனார் கைப்பையை இறக்கி வைத்தார். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். அலமாரியின் மேல் பக்கம் விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்ததில் அவருக்கு ஏமாற்றம்தான். "சரி, அது கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கட்டிலோரம் போய், கயிற்றைப் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் இழு இழு என்று இழுத்தார். எங்கோ கீழே வெண்கல மணி கணகணவென்று துள்ளியது. பெண்கள் ஓவென்று கத்தியது ராணி அறைவரை கேட்டது.

அதோடு விட்டாரா? கதவைத் திறந்து மாடி நடையில் போய் நின்றார். தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. "எல்லாரும் கேட்டுக்குங்க! நான் சொன்னது தப்பு! மணியை அடிங்க! கட்டில்ல உருளுங்க! தண்ணியைத் தொறங்க! பிள்ளைங்களுக்கு வேலை வேணும்னா வேலை குடுங்க!"

 பிறகு அரண்மனை எழுந்துகொண்டது. கண்ணாடி அறை மணி, வேட்டை அறை மணி, இசை அறை மணி, எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அடித்தன. ராஜா காலத்தில்கூட அந்த மணிகள் அப்படி அடித்திருக்காது. எக்ஸ்பிரஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் திரும்பிப் படிகளில் தாவினாள். "நீ இசை அறை! நீ துண்டு! நீ என்கூட வா!"

என்னவெல்லாம் கேட்டார்கள்! தலையணை உயரம். தலையணை தாழ்வு. சோப்பு வாசனை பிடிக்கவில்லை. சூப் ஆறிவிட்டது. காவலாளியின் சின்னப் பெண், சுவரில் மாட்டியிருக்கும் ராஜா தன்னை முறைக்கிறார், அவரைத் திருப்பி வைக்க வேண்டும் என்றாள், வைத்தார்கள். சமையல்காரரின் மாமனாருக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. விரிப்பு மாற்றச் சொன்னார், மாற்றியதும் அதில் உருண்டார், மறுபடி மாற்றச் சொன்னார். பெண்கள் நாலு மூலையும் இழுத்துச் செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, "வேற ஏதாவது வேணுங்களா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தார்கள். டைக்காரரின் ஷூ அவர்களுக்குப் பின்னாலேயே கீச் கீச்சென்று ஓடியது. எக்ஸ்பிரஸுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அப்போதுதான் மேல்மாடியில் தண்ணீர் நின்றுபோனது.

எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததன் வினை. மேல்தொட்டி காலி, மோட்டார் ஏற்றுவதற்கு நேரமாகும். இசை அறையின் குளியலறையிலிருந்து காவலாளியின் மைத்துனர், "கண்ணு எரியுது! யாராவது வாங்க! வேணாம், வராதீங்க! தண்ணியை மட்டும் அனுப்புங்க!" என்று கத்தினார். தலை முதல் கால் வரை சோப்பு நுரை. அடுத்த அறையிலும் அதே கூப்பாடு.

சின்னராணி தலையில் கை வைத்துக்கொண்டார். டைக்காரர் நின்றுவிட்டார். எக்ஸ்பிரஸ் நிற்கவில்லை. அரண்மனையின் பின்பக்கம், சுவருக்குள் சுருண்டு ஏறும் ஒரு குறுகல் படிக்கட்டு உண்டு. ராஜா காலத்து வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வரக் கட்டியது. இடிபாடுகளை அந்த வழியாகத்தான் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இறக்கினார்கள் அவளும் பெண்களும். எந்தப் படியில் யார் நிற்பது என்பது உடம்புக்கே தெரியும்.

"அவங்கவங்க படிக்குப் போங்கடி! கீழ இருந்து மேல!" என்று அவள் குரல் கொடுத்தாள். முற்றத்துத் தொட்டியிலிருந்து வாளிகள் கிளம்பின. கைக்குக் கை, படிக்குப் படி, ஒரு வாளி நிற்காமல், ஒரு படி தவறாமல் மேலே ஏறின. நடுவில் ஒரு திருப்பத்தில் ஆள் குறைந்தது. டைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, அந்தத் திருப்பத்தில் போய் நின்று கையை நீட்டினார். "குடுங்க!"

இசை அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. நுரை வழியும் ஒரு கை வெளியே வந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. சலசலவென்று தண்ணீர் சத்தம். பிறகு, "அப்பாடா!" என்று ஒரு குரல். நடை முழுவதும் கை தட்டினார்கள்.

டீ நேரத்தில் எல்லாரும் தர்பார் மண்டபத்தில் கூடினார்கள். விருந்தாளிகள் நாற்காலிகளில், எக்ஸ்பிரஸும் பெண்களும், நனைந்த சீருடையோடு, சுவரோரம் வரிசையாக. சின்னராணி நடுவில் நின்றார்.

"விருந்தாளிங்க சொல்லுங்க. என்ன குறை?"

எல்லார் முகமும் ஒரு பக்கம் திரும்பியது. நாத்தனார் எழுந்தார்.

"ராணி அறைத் திரை ஒரு பக்கம் இறங்கியிருக்கு. தச்சவன் அளவெடுக்காம தச்சிருக்கான். தலையணை உறையோட வாய் கதவைப் பாத்து இருக்கு, சுவத்தைப் பாத்து இருக்கணும். சூப் கொண்டுவந்த பொண்ணு தட்டுல விரலை வச்சா. போர்வையை மடிச்ச பக்கம் வேற வேற." ஒவ்வொன்றாக அவர் விரல் மடக்க மடக்க, எக்ஸ்பிரஸ் சுவரோடு சுவராக ஒடுங்கிக்கொண்டே போனாள். மணியை அடிக்கச் சொன்னாளே தவிர, எல்லாம் முடிந்த பிறகு சபையில் வைத்துக் கிழிக்கச் சொல்லவில்லையே! டைக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் எக்ஸ்பிரஸின் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் சின்னராணி.

"பெரிய குறை இன்னும் சொல்லலை." நாத்தனார் சுவரோரம் கையை நீட்டினார். "அதோ நிக்கிறாளே, அவ காலையில இருந்து ஓடறா. பச்சைத்தண்ணி பல்லுல படல. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தலையணை உயரம்னு சொன்னா ஓடறீங்க, சூப் ஆறிடுச்சுன்னா ஓடறீங்க. ஓடறவளை ஒரு வாய் சாப்பிடுன்னு சொல்ல இவ்வளவு பெரிய அரண்மனையில ஒரு ஆள் இல்ல. இது என்ன ஹோட்டல்?"

 எக்ஸ்பிரஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

சின்னராணி டைக்காரரைப் பார்த்தார். அவர் ஈரச் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, "என்னைப் பாக்காதீங்க மேடம். அந்தப் படிக்கட்டுல எங்க ஆளுங்க வழி தெரியாம நின்னிருப்பாங்க," என்றார்.

சின்னராணி நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது ரொம்பப் பெரிய குறைதாம்மா. ஆனா இதை என்கிட்ட சொன்னா எப்படி? அறையில வேலை செய்யறவங்களைப் பத்தின குறையை அறைப் பொறுப்பாளர்கிட்டதான் சொல்லணும்." சுவரோரம் கையைக் காட்டினார். "எங்க பொறுப்பாளர் அவங்கதான். எக்ஸ்பிரஸ், இன்னையிலிருந்து அறைகள் எல்லாம் உங்க பொறுப்பு. உங்க ஆளுங்க எல்லாரும் உங்ககூடத்தான். முதல் புகார் வந்திருக்கு. கவனிங்க."

பெண்கள் கத்திய கத்தலில், இன்னும் போகாமல் உத்தரத்தில் ஒளிந்திருந்த ஒரு புறா பறந்து வெளியேறியது. எக்ஸ்பிரஸை யாரோ தூக்கினார்கள், யாரோ இறக்கினார்கள், கணவன் ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். கடைசியில் ஒரு கை அவள் தோளை அழுத்தி, சிவப்பு மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தது. நாத்தனார்தான். தட்டில் ரொட்டியும் கோப்பையில் டீயும் அவள் முன்னால் வந்தன.

"சாப்பிடு. விழுங்காதே, மென்னு தின்னு. இதுலயும் ஓட்டமா உனக்கு?"

எக்ஸ்பிரஸ் ரொட்டியைக் கடித்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. டீயை ஒரு மடக்குக் குடித்தாள். நிமிர்ந்து நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து அவள் ஒரு குறையும் சொன்னதில்லை.

"அண்ணி," என்றாள். "டீல சக்கரை கம்மி."

 நாத்தனார் வாய் முழுக்கச் சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்கிக்கொண்டு, சக்கரை போட்டுவரப் போனார்.